கடைசி ஆறு நிமிடச் சூடு

இரணியல்
18 ஜூன் 2023

ரெஜிலாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்தது. வேறு தாள் எடுத்து, அந்தச் சொல் இல்லாமலே தொடங்குகிறேன்.

ஃபோனை நீ எடுக்கவில்லை. எத்தனை தடவை அடித்தேன் என்று உன் ஃபோனே சொல்லும். அதனால் ஸ்பீட் போஸ்ட். கையெழுத்துப் போட்டு வாங்கினால் வரவில்லை என்று சொல்ல முடியாது அல்லவா?

எங்கள் வக்கீல் ரசலையன் விசாரணைக் குழுவின் அறிக்கையை நேற்றுத்தான் கையில் தந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம். அதற்குக் கீழே ‘கணக்கீடு: டாக்டர் என். ரெஜிலா, சென்னை’ என்று இருந்தது. உலகத்தில் வேறு ரெஜிலா இல்லையா என்று முதலில் நினைத்தேன். நாகர்கோவில் ஹாஸ்டலில் என் தட்டில் பாதிச் சோறு தின்ற ரெஜிலா, எம்.எஸ்சி. பரீட்சைக்கு முந்தின நாள் நான் பாடம் சொல்லிக்கொடுத்த ரெஜிலா இல்லை என்று. வக்கீல்தான், “தக்கலை நேசையன் சாருக்க மக” என்றார்.

நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது போல் இருக்கிறாயோ என்னவோ, எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒரு நாள் காலை, குலசேகரம் ரோட்டில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ரப்பர் ஃபேக்டரியில், ரப்பரை உலர்த்தும் கூண்டு தீப்பிடித்தது. முந்தின இரவிலிருந்து இவர்தான் ஷிஃப்ட். உலர்கிற ரப்பரின் வாடை மாறியதும் பர்னரை அடைத்துத் தீயை நிறுத்தினேன் என்கிறார். டிராலி தள்ளுகிற ஜான்ரோஸ் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அண்ணா, அடச்சாச்சா?” என்று கேட்டிருக்கிறான். இவர், “அடச்சாச்சு, நீ இழு” என்றிருக்கிறார். ஜான்ரோஸ் டிராலியை வெளியே இழுக்க உள்ளே குனிந்தான். அவன் திரும்பி வரவில்லை. இவர் இரண்டு கையும் வெந்து கிடந்தார்.

உன் வரைபடத்துக்குக் கீழே ஒரே வாக்கியம்: ‘தீப்பற்றுவதற்கு முந்தைய ஆறு நிமிடங்களிலும் பர்னர் முழு அளவில் எரிந்துகொண்டிருந்தது.’ அதாவது என் மாப்பிள்ளை அடைக்காமலே அடைத்தேன் என்று சொல்லி ஒருவனை உள்ளே அனுப்பினார். அப்படித்தானே? அடைத்துவிட்டேன் என்று நினைத்து ஏமாந்தார் என்றுகூட நீ எழுதவில்லை.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது? அங்கே நின்ற இரண்டு பேரில் ஒருவன் மண்ணுக்குள் இருக்கிறான். இன்னொருவர் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, அய்யாவழித் தாங்கலுக்குக் கும்பிடக்கூடப் போகவில்லை. அங்கே எல்லாரும் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு இவரையே பார்க்கிறார்களாம்.

இன்னொன்று. அது சுயம்புராஜ் என்று தெரிந்துதான் செய்தாயா?

அஜிதா

*

சென்னை
2 ஜூலை 2023

அன்புள்ள அஜிதா,

நீ அடித்த சொல்லை நான் போட்டுக்கொள்கிறேன்.

ஃபோனை எடுக்காதது தப்புத்தான். வழக்கு நடக்கிற விஷயத்தில் ஃபோன், மெயில், வாட்ஸாப் எதிலும் பேசக் கூடாது என்று இங்கே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். தபாலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

குழு தந்த தாளில் பெயர் இல்லை. ‘பணியில் இருந்த ஆப்பரேட்டர்’ என்றுதான் இருந்தது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். நீ மேட்ஸ் படித்தவள், சொன்னால் புரியும். கூண்டுக்குள் காற்றின் சூட்டை நேரடியாகக் காட்ட ஒரு கம்பி இருந்திருக்க வேண்டும். அது பழுதாகிக் கம்பெனி மாற்றாமல் விட்டிருக்கிறது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: பர்னர் அடுப்பின் செங்கல் சுவருக்குள், உள்முகத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் புதைத்திருந்த தெர்மோகப்பிள், சூடு அளக்கிற இன்னொரு கம்பி. அது காட்டிய சூடெல்லாம் ஆபீஸ் அறையில் இருந்த பெட்டியில் பதிவாகியிருக்கிறது. தீயில் கம்பி அறுந்த நொடி வரைக்கும்.

தீ எவ்வளவு என்று தெரிந்தால் சுவரின் சூட்டைச் சொல்வது நேர்க் கணக்கு. இங்கே தலைகீழ். சுவருக்குள் இருந்த சூடு தெரியும், அதை உண்டாக்கிய தீயைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் தீ இப்படி இருந்திருக்கும் என்று ஒரு கோட்டை வைத்துக்கொள்வோம். அந்தத் தீக்குக் கம்பி என்ன காட்டியிருக்கும் என்று கணக்கிட்டு, உண்மையில் காட்டியதோடு ஒப்பிடுவோம். வித்தியாசம் இருக்கும். எந்த நிமிடத்துத் தீயை ஏற்றினால் அல்லது இறக்கினால் அந்த வித்தியாசம் குறையும் என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சரிவு கிடைக்கும். சரிவு இறங்குகிற பக்கமாக ஓரடி வைக்க வேண்டும். மறுபடி கணக்கு, மறுபடி சரிவு, மறுபடி ஓரடி. கம்பி காட்டும் எண்ணில் இயல்பாகவே உள்ள நடுக்கத்தின் அளவுக்கு வித்தியாசம் குறைந்ததும் நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் போனால் நடுக்கத்தையும் தீ என்று எடுத்துக்கொண்டு கோணல்மாணலாக வரைந்துவிடும்.

இதில் என் விருப்பு வெறுப்பு நுழைய இடமே இல்லை. செங்கலுக்கு யாருடைய மாப்பிள்ளை என்று தெரியாது. நான் கணக்கிட்ட சூடும் கம்பி காட்டிய சூடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதை வரைபடத்திலேயே பார்க்கலாம்.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டிக்கொள். கணக்கைத் திட்டாதே.

சுயம்பு அண்ணனின் கை எப்படி இருக்கிறது?

ரெஜிலா

*

இரணியல்
16 ஜூலை 2023

ரெஜிலா,

நீ எழுதியது புரிந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

புரியாதவளாக இருந்திருந்தால், சென்னைக்காரி என்னவோ உளறுகிறாள் என்று கிழித்துப் போட்டிருப்பேன். நான் உட்கார்ந்து உன் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது போலவே இரண்டு கோடும் படிந்து கிடந்தன. முந்தின நாள் இரவு ஷிஃப்டில் பர்னரைக் குறைத்தது, விடியற்காலையில் கூட்டியது எல்லாம் உன் கோட்டில் அப்படியே வந்திருக்கிறது. இவர் வாயால் சொல்லியிருந்த நேரமெல்லாம் சரியாக இருந்தது. இத்தனையும் சரியாகச் சொல்லுகிற கணக்கு கடைசி ஆறு நிமிடத்தில் மட்டும் எதற்குப் பொய் சொல்லப்போகிறது என்று தோன்றிவிட்டது. மேட்ஸ் படித்தவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

ராத்திரி சாப்பாடு ஆனதும் தாளை இவர் முன்னால் வைத்தேன். “ஊருல என்ன வேணும்னாலும் சொல்லுங்க. எனக்கிட்ட பொய் சொல்லாண்டாம்” என்றேன். அவ்வளவு நாளும் கட்டுப் போட்ட கையைப் பிடித்துச் சோறு ஊட்டியவள் நான். அந்த நானேதான் இதைச் சொன்னேன்.

இவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். டிப்ளமோ படித்தவர், பார்க்கத் தெரியும். “இது யாரு வரஞ்சது?” என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். “நம்ம கல்யாணத்துக்கு வந்தாளே, அந்தப் பிள்ளையா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்பம் சரியாத்தான் இரிக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமா, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான்.

கோபத்தில் எழுதிய முதல் கடிதத்துக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ? கேட்க வராது. ஆனால் உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு குரூரமான ஆசை இருக்கிறது. யாரோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினேன் என்று காட்டித் தந்தவள் நீதான். நல்லா இரு.

அஜிதா

*

சென்னை
28 ஜூலை 2023

அஜிதா,

நீ அதை அவரிடம் காட்டியிருக்க வேண்டாம்.

குழு கேட்டது பர்னரைப் பற்றி. நான் சொன்னதும் பர்னரைப் பற்றித்தான். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று நான் எங்கும் சொல்லவில்லை. சுவிட்சை அடைத்தும் வால்வு சிக்கிக்கொண்டு தீ நிற்காமல் எரிந்திருக்கலாம். அதையும் இந்தக் கணக்கு மறுக்காது. இதை நான் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம். கேட்டால் சேர்த்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

நீ அவரிடம் அப்படிச் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்த விசாரணை எப்போது என்று எழுது. அதற்கு முன் அவசரப்பட்டு எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல். நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்ல வேண்டாம்.

கடைசிப் பகுதியை இன்னொரு தடவை பார்க்கிறேன். ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்க்கிறேன்.

ரெஜிலா

*

இரணியல்
9 ஆகஸ்ட் 2023

ரெஜிலா,

இன்னொரு தடவை பார்க்கிறாயா? அச்சடித்துக் குழுவுக்குக் கொடுத்து, ஒரு ஊரே படித்து முடித்த பிறகா?

ஒரு கேள்வி கேட்கிறேன், நேராகப் பதில் சொல். பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் டியூஷனுக்கு வருகிறார்கள். படிப்படியாக விடைக்கு நெருங்குகிற முறைகளை நடத்திக்கொண்டிருந்தேன். எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று நானே என் வாயால் சொன்னேன். சொல்லிவிட்டுச் சாக்பீஸோடு அப்படியே நின்றேன்.

‘தீ இப்படி இருந்திருக்கும் என்று ஒரு கோட்டை வைத்துக்கொள்வோம்’ என்று எழுதினாயே. நீ எந்தக் கோட்டை வைத்தாய்? எங்கிருந்து தொடங்கினாய்?

அதே கணக்கை, பர்னர் எரியவே இல்லை என்பதிலிருந்து தொடங்கிப் போட்டுப் பார். முடிவு அதேதான் வருகிறது என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

விசாரணை இந்த மாதம் 21ஆம் தேதி, நாகர்கோவிலில். இவரிடம் எதுவும் சொல்லும் நிலையில் நான் இல்லை. என் முகத்தைப் பார்த்தாலே எழுந்து போகிறார்.

அஜிதா

*

சென்னை
3 செப்டம்பர் 2023

அஜிதா,

உன் கடிதம் வந்த அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். தாமதம் கணக்கினால் அல்ல. எழுதக் கை வராததால்.

பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன். முந்தின இரவும் விடியற்காலையும் அச்சு மாறாமல் முன்பு வந்தது போலவே வந்தன. கடைசி ஆறு நிமிடம் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. அதாவது பர்னர் அடைத்திருந்தது என்று சொல்கிறது. முழு அளவிலிருந்து தொடங்கினால் முழு அளவிலேயே நிற்கிறது. பாதியில் வைத்தால் பாதி. மூன்றுக்கும் கம்பியின் சூடு ஒரே மாதிரிப் படிகிறது. நீ ஸ்கேல் வைத்துப் பார்த்தாயே, மூன்றையும் வைத்துப் பார்த்தாலும் உனக்கு வித்தியாசம் தெரியாது.

காரணம் சின்னது. உள்முகத்தின் சூடு இரண்டு விரல் செங்கலைக் கடந்து கம்பிக்கு வந்து சேர நேரம் ஆகும். கடைசி நிமிடங்களின் தீ எதுவாக இருந்தாலும், அது கம்பிக்கு எட்டும் முன்பே கம்பி அறுந்துவிட்டது. அந்த நிமிடங்களை ஏற்றினாலும் இறக்கினாலும் வித்தியாசம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. சரிவே இல்லாத இடத்தில் எந்தப் பக்கம் அடி வைப்பது? தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். இந்த முறையைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லித்தருகிற எச்சரிக்கை இது. கூடுதலாகக் கொஞ்ச நேரம் அளந்து, கோட்டின் வாலை வெட்டி எறிந்துவிட வேண்டும் என்பார்கள். நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இங்கே அதற்கு மேல் அளவு கிடையாது என்றால், ‘கடைசி ஆறு நிமிடம் தெரியாது’ என்று எழுதியிருக்க வேண்டும். நான் கோட்டை விளிம்பு வரை இழுத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள்.

தாளில் பெயர் இல்லை என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் எனக்குத் தெரியும். விபத்து நடந்த வாரமே அம்மை ஃபோனில், “நம்ம அஜிதாக்க மாப்பிளைக்க கையி வெந்து போச்சு மக்களே” என்று அழுதாள். அப்போதே இந்த வேலையை எனக்கு வேண்டாம் என்று தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. என்னால் நடுநிலையாக இருக்க முடியும் என்று ஒரு திமிர். தொடக்கக் கோடு எது என்று முடிவு செய்ய வேண்டி வந்தபோது, பூஜ்யமும் என் முன்னால் இருந்தது, முழு அளவும் இருந்தது. பூஜ்யத்தில் தொடங்கினால் சிநேகிதியின் மாப்பிள்ளைக்குச் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் அவருக்குப் பாதகமான பக்கத்திலிருந்து தொடங்கினேன். எங்கிருந்து தொடங்கினாலும் உண்மைக்கே வந்து சேரும் என்று நினைத்தேன். உன்னை எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் பூஜ்யத்திலேயே தொடங்கியிருப்பேன். வழக்கமாக அப்படித்தான் செய்வேன்.

குழுவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். என் கணக்கு கடைசி ஆறு நிமிடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. இங்கே எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆகட்டும்.

சுயம்பு அண்ணனிடம் சொல்லிவிடு. இதையாவது உடனே சொல்.

ரெஜிலா

*

இரணியல்
24 செப்டம்பர் 2023

ரெஜிலா,

குழுவிலிருந்து உனக்குப் பதில் வந்திருக்கும். வக்கீல் எனக்கும் ஒரு நகல் காட்டினார். ‘ஆப்பரேட்டரே ஒப்புக்கொண்டுவிட்டதால் மேற்படி கணக்கீடு இனித் தேவைப்படவில்லை’ என்று ஒன்றரை வரி.

ஆமாம், ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகஸ்ட் 21ஆம் தேதியே, உன் கடிதம் வருவதற்கு முன்பே. பர்னரை அடைக்கவில்லை, அடைத்ததாக ஜான்ரோஸிடம் சொன்னது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெந்த கையால் போட்ட கையெழுத்து, கோழி கிளறினது போல் இருக்கிறது. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “கட்டின பொண்டாட்டிக்கே நம்பிக்கை இல்ல சார், பின்ன யாருக்கு வேண்டி நான் வாதாடணும்?” என்று இவர் அவரிடம் கேட்டாராம். இதை வக்கீல் எனக்கு ஃபோனில் சொன்னார். என்னிடம் சொல்ல அவருக்குச் சங்கடம்தான். ஆனாலும் சொன்னார்.

நீ உன் பங்குக்குக் குழுவுக்கு எழுதிவிட்டு மனசை ஆற்றிக்கொண்டாய். திமிர் என்று ஒரு சொல் போட்டுவிட்டாய். உன் திமிரை நான் மன்னித்துவிடலாம், ரெஜிலா. நீ தூரத்தில் இருந்தவள். உனக்கு ஒரு செங்கலும் ஒரு கம்பியும்தான் தெரியும். எனக்கு மனுஷனைத் தெரியும். தெரிந்தும் உன் கோட்டை நம்பினேன். அடுக்களையில் வைத்து அதை அவர் முகத்தில் வீசினேன். உன்னைவிட நான்தான் பெரிய பாவி. ஆனாலும் உன்மேல் இருக்கிற கோபம் குறையவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் போல.

ஜான்ரோஸின் மனைவி கிரேசி வீட்டுக்கு வந்தாள். அதுவரை தக்கலை சந்தையில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போகிறவள். உள்ளே வரவில்லை, நடையிலேயே நின்றாள். “இப்பமாவது சொன்னாரே சேச்சி. நான் ஓடாத எடமெல்லாம் ஓடிப்போட்டேன். கம்பெனியா, மிஷினா, இவரா, எனக்க மனுஷனேதான் கவனமில்லாம போனாரான்னு ஒறங்காம கெடந்தேன். இனி ஒறங்குவேன்” என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது. நான் அவளுக்கு என்ன சொல்ல? இல்லை கிரேசி, யாருக்கும் ஒன்றும் தெரியாது, நீ திரும்பவும் விழித்துக் கிட என்று சொல்லவா? சொல்லவில்லை. காப்பி தந்தேன், குடிக்காமல் போனாள்.

உன் கடிதத்தை இவரிடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். நீ உடனே சொல் என்றாயே. வாசிக்கும்போது இடையில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

முடித்ததும், “அப்பம் நான் அடச்சேன்னு சொல்லுகாளா?” என்று கேட்டார்.

“இல்ல. தெரியாதுன்னு சொல்லுகா.”

தலையை ஆட்டினார். கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. பஸ் வராது என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படி.

கையெழுத்தைத் திரும்ப வாங்கலாம், வக்கீலிடம் கேட்கலாம் என்று நான் பேசிக்கொண்டே போனேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் வைத்தே கேட்டிருக்க வேண்டியதை, நான் கேட்காமலே நம்பிக்கொண்டு இருந்ததை, பிறகு கேட்காமலே நம்பாமல் போனதை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். “நீங்க சொல்லுங்க. அன்னைக்கி அடச்சியளா, இல்லியா?”

என்னைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

“நீ என்ன நெனச்சுட்டுக் கேக்கியோ, அதுதான்” என்றார்.

பர்னரை அடைத்தவராக இருந்தாலும் அந்தப் பதில்தான் சொல்லியிருப்பார், ரெஜிலா. அடைக்காதவராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். இனி எத்தனை தடவை கேட்டாலும் அவரிடமிருந்து வேறு எதுவும் வராது. உன் கம்பி தீயில் அறுந்தது. இதை நான் அறுத்தேன்.

கேட்டபோது என் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை உனக்கு எழுத மாட்டேன். அவருக்கு அது என் குரலிலேயே கேட்டிருக்கும்.

பதில் எழுதாதே.

அஜிதா